சுவரில் விளையும் உப்பு

திருச்செந்தூருக்குச் செல்கிறவர்கள் கடலில் நீராடுவார்கள், நாழிக்கிணற்றில் குளிப்பார்கள், முருகனை வணங்கிவிட்டு ஊர் திரும்புவார்கள். சற்று நேரம் உள்ளவர்கள் வடபுறம் கடலை ஒட்டியிருக்கும் வள்ளிக் குகையையும் பார்த்து வருவதுண்டு. அந்தக் குகை எந்தக் கல்லில் குடையப்பட்டிருக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? மதுரையிலும் தஞ்சையிலும் நாம் காணும் கருங்கல் அன்று அது. கடற்கரையிலேயே உருவான மணற்கல். தேய்த்தால் மணல் உதிரக்கூடிய கல்.

முற்காலத்தில் கோயிலும் இந்த மணற்கல்லாலேயே கட்டப்பட்டிருந்தது. இன்று நீங்கள் காண்பதோ கருங்கல் மண்டபங்களும் தூண்களும். பழைய கல் எங்கே போயிற்று? அலை வந்து அடித்துப் போகவில்லை. பகைவர் வந்து இடிக்கவும் இல்லை. கடற்காற்று அதைச் சிறுகச் சிறுகத் தின்றுவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோயில் சிதைந்து கிடந்த நிலையைக் கண்டு மௌன சுவாமி என்னும் துறவி திருப்பணியைத் தொடங்கினார். அவருக்குப் பின் காசி சுவாமியும், அவருக்குப் பின் ஆறுமுக சுவாமியும் அதைத் தொடர்ந்தார்கள். குடமுழுக்கு நடந்தது 1941ஆம் ஆண்டில். ஒரு மனிதரின் ஆயுளுக்குள் முடியாத வேலையாக அது இருந்தது.

காற்று கல்லைத் தின்னுமா? தின்னும் என்றால், எந்தப் பல்லால் தின்கிறது? பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும்போது நாம் செய்யும் நன்மை தீமைகள் எல்லாம் இந்தக் கேள்விக்கு நாம் அறிந்திருக்கும் விடையைப் பொறுத்தே அமைகின்றன.

ஒரு பொருள், பல வடிவங்கள்

வேம்பாறு முதல் மணப்பாடு வரை நீளும் கரைக்கு முத்துக்குளித்துறை என்பது பழம்பெயர். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆனால் முத்துக் காலத்தில் எழுந்த கட்டடங்கள் பல இன்னும் இருக்கின்றன. மணப்பாட்டுக் குன்றின்மேல் 1581இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம், தூத்துக்குடியில் 1713இல் கட்டி முடிக்கப்பட்ட பனிமய மாதா ஆலயம், டச்சுக்காரர்கள் 1750இல் கட்டிய திரித்துவ ஆலயம், காயல்பட்டினத்தின் பழைய பள்ளிவாசல்கள் ஆகிய அனைத்தும் இக்கரையில் நிற்பவை. இறைவனை அழைக்கும் பெயர்கள் வேறாக இருக்கலாம். சுவர்களுக்கு வரும் நோய் ஒன்றுதான்.

கருங்கல் வேண்டுமென்றால் உள்நாட்டிலிருந்து இழுத்து வரவேண்டும். கடற்கரையில் கைக்கு எட்டியவை மூன்று. ஒன்று, மணற்கல். இரண்டு, கடலிலிருந்து எடுத்த பவளப்பாறைக் கல். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடிக்குச் சென்றால், இடிந்த தேவாலயத்தின் சுவர்களில் தேனடைபோல் துளைகள் நிறைந்த இந்தக் கல்லைத் தெளிவாகக் காணலாம். மூன்றாவது, சிப்பியையும் கிளிஞ்சலையும் சுட்டு எடுத்த சுண்ணாம்பு.

வேதியியல் மாணவருக்கு இங்கே ஒரு வியப்பு காத்திருக்கிறது. சிப்பியின் ஓடு கால்சியம் கார்பனேட். பவளப்பாறையும் அதுவே. இப்பகுதி மணற்கல்லின் மணிகளைப் பிணைத்திருக்கும் பசையும் பெரும்பாலும் அதுவே. அரசர்கள் அணிந்த முத்தும் அதுவேதான்! வாழும் சிப்பி கடல்நீரிலிருந்து கால்சியத்தை எடுத்து முத்தாகவும் ஓடாகவும் கட்டுகிறது. மனிதன் அந்த ஓட்டைச் சூளையிலிட்டு, ஏறத்தாழ 900 டிகிரி சென்டிகிரேடில் சுடுகிறான். கரியமில வாயு வெளியேறிவிட, 100 கிராம் ஓட்டுக்கு 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. நீர் ஊற்றி நீற்றி, மணலோடு அரைத்துச் சுவரில் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உள்ளிழுத்து மறுபடியும் கால்சியம் கார்பனேட் ஆகிறது. சிப்பி சுவராகிவிட்டது!

இந்தக் கற்களுக்கும் சுண்ணாம்புக்கும் பொதுவான இன்னொரு பண்பு உண்டு. அவை எல்லாம் நுண்துளைகள் நிறைந்தவை. நல்ல கருங்கல்லில் வெற்றிடம் நூற்றில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. மணற்கல்லில் 10 முதல் 20 பங்கு வரை இருப்பது சாதாரணம். பவளக்கல்லில் அதைவிடவும் மிகுதி. நம் கதையே இந்தத் துளைகளுக்குள்தான் நடக்கிறது.

நிமிர்ந்து நிற்கும் உப்பளம்

தூத்துக்குடியில் உப்பளங்களைப் பார்க்காதவர் இருக்க முடியாது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. பாத்தியில் தேங்கிய நீர் வெயிலிலும் காற்றிலும் சுண்டிச் சுண்டி ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறையும்போது, இனிக் கரைந்திருக்க இயலாமல் உப்பு படிகமாகப் பிரிகிறது. இதையே உப்பு விளைகிறது என்கிறோம்.

கடற்கரையில் நிற்கும் பழைய சுவர், நிமிர்த்தி வைத்த ஓர் உப்பளம். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் உப்புநீர் சுவருக்குள் வரவேண்டும். அதற்கு வழிகள் மூன்று. தரையில் உள்ள ஈரம் நுண்புழை ஏற்றத்தால் மேலே ஏறுகிறது. மண்ணெண்ணெய் விளக்கின் திரியில் எண்ணெய் ஏறுவதும் இவ்வாறே. ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு ஆரமுள்ள துளையில், பரப்பு இழுவிசையின் காரணமாகத் தண்ணீர் சுமார் ஒன்றரை மீட்டர் உயரம் வரை ஏற முடியும் என்று கணக்கிட்டுக் காட்டலாம். பழைய சுவர்களில் இடுப்பளவு, மார்பளவு உயரத்தில் ஈரக்கோடு தெரிவதன் காரணம் இதுவே. இரண்டாவது வழி காற்று. அலை உடையும்போது தெறிக்கும் நுண்திவலைகளைக் காற்று சுமந்து வந்து சுவரில் படிய வைக்கிறது. மூன்றாவது வழி நாமே. கடற்கரை மணலையும் உவர்நீரையும் கொண்டு கலவை சேர்த்தால், உப்பை நம் கையாலேயே சுவருக்குள் வைத்துப் பூசுகிறோம்.

உள்ளே வந்த நீர் வெளியே ஆவியாகியே தீரவேண்டும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு பின்தங்கிவிடும். இங்கேதான் முக்கியமான ஒரு வேறுபாடு வருகிறது. ஈரம் சுவரின் மேற்பரப்பு வரை வந்து அங்கே ஆவியானால் உப்பு வெளியே வெண்மையாகப் பூக்கும். பார்க்க அருவருப்பாக இருந்தாலும் அதனால் கேடு குறைவு. உலர்ந்த தூரிகையால் துடைத்துவிடலாம். ஆனால் மேற்பரப்புக்குச் சில மில்லிமீட்டர் உள்ளேயே நீர் ஆவியாகிவிட்டால், படிகம் கல்லின் தோலுக்கு அடியில், துளைக்குள் வளர்கிறது. வளரும் படிகம் துளையின் சுவரைத் தள்ளுகிறது. அழுத்தத்தைத் தாங்குவதில் கல் வல்லது. இழுத்துப் பிளக்கும் விசையைத் தாங்குவதிலோ மிகவும் எளியது. முன்னதில் பத்தில் ஒரு பங்கு வலிமைகூட அதற்குப் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகவே துளை விரிகிறது, மணிகள் பிரிகின்றன, கல்லின் தோல் பொருக்காகக் கழல்கிறது.

ஒருமுறை விளைந்ததோடு உப்பு ஓய்ந்துவிடுவதில்லை. காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்துக்கு மேல் போனால் சோடியம் குளோரைடு ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்துவிடும். மழைக்காலத்தில் உப்புச் சாடி கசிவதை உங்கள் வீட்டுச் சமையலறையில் பார்த்திருப்பீர்கள். ஈரப்பதம் அந்த அளவுக்குக் கீழே இறங்கினால் மறுபடியும் படிகமாகும். கடற்கரையில் இரவில் ஈரம், பகலில் வெயில். கடலோடிகளின் கணக்கில் சொன்னால், கொண்டல் ஈரத்தையும் உப்பையும் கொண்டுவருகிறது, கச்சான் உலர்த்துகிறது. நாளுக்கு ஒருமுறை கரைந்து விளைந்தால்கூட, நூறு ஆண்டில் 36,500 முறை கல் நெம்பப்படுகிறது. காற்றின் பல் எதுவென்று இப்போது தெரிகிறதல்லவா?

பழைய அறிவும் புதிய சோதனையும்

இந்த நோயை மனிதர்கள் நெடுநாட்களுக்கு முன்பே கண்டிருக்கிறார்கள். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எகிப்துக்குச் சென்ற கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், அந்நாட்டு மண்ணில் உப்பு பூத்துப் பிரமிடுகளையும் அரிக்கிறது என்று குறித்து வைத்தார். அதை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர் பிரெஞ்சுக்காரரான பிரார். குளிர்நாடுகளில் துளைக்குள் உறையும் நீர் கல்லைப் பிளக்கும். எந்தக் கல் உறைபனியைத் தாங்கும் என்று முன்கூட்டியே அறிய அவர் ஒரு வழி கண்டார். கல் துண்டைச் சோடியம் சல்பேட்டுக் கரைசலில் ஊற வைத்து உலர்த்துவது. மறுபடி ஊற வைத்து உலர்த்துவது. 1828இல் வெளியான இச்சோதனையின் அடிப்படையிலேயே, கட்டடக் கற்களின் உறுதியை இன்றும் சோதிக்கிறார்கள். பனிக்காகத் தொடங்கிய சோதனை, பனியே அறியாத நம் கடற்கரைக்கும் பொருந்துவது விந்தையே.

திருச்செந்தூரின் விடையும் அதன் விலையும்

மூன்று துறவிகளின் திருப்பணி கண்ட விடை எளியது: துளையுள்ள கல் அழிகிறதா, துளையில்லாத கல்லை வை. கருங்கல்லுக்குள் உப்புநீர் எளிதில் நுழையாது. பொறியியல் நோக்கில் அது சரியான விடை. விழப்போகும் மண்டபத்துக்குக் கீழே பக்தர்களை நிறுத்தி வைக்க முடியாது.

ஆனால் கல்லை மாற்றும்போது அதன்மேல் இருப்பதும் போய்விடக்கூடும் என்பதை நாம் மறக்கலாகாது. திருச்செந்தூரில் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த வரகுண பாண்டியனின் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அரசன் 1400 காசுகளைக் கொடுத்து, அவற்றைப் பல ஊரார் பெற்றுக்கொண்டு, ஆண்டுதோறும் கோயிலுக்குச் செலுத்தவேண்டியதை அது விரிவாகக் கூறுகிறது. ஓராயிரம் ஆண்டுகளுக்கு முந்திய வட்டிக் கணக்கு, ஊர்ச்சபைகள், அளவைகள் எல்லாம் அந்தக் கல்லின் தோலில் உள்ளன. கல்வெட்டு எழுத்தின் ஆழம் சில மில்லிமீட்டர்தான். உப்பு கழற்றிப் போடும் பொருக்கின் கனமும் ஏறத்தாழ அவ்வளவே. வரலாறும் நோயும் ஒரே தோலில் குடியிருக்கின்றன.

கட்டடம் நிற்கவேண்டும், பழைய கல்லும் இயன்றவரை நிலைக்கவேண்டும். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே இன்றைய பாதுகாப்பு முறை. 1964இல் வெனிஸ் நகரில் வல்லுநர்கள் வகுத்த சாசனம் இதையே வலியுறுத்துகிறது: மூலப்பொருளை மதிக்கவேண்டும், புதிதாகச் சேர்ப்பது பழையதோடு இசைந்திருந்தாலும், புதியது என்று இனங்காணும்படி இருக்கவேண்டும்.

சட்டையை உரித்தால்

பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது பலரும் முதலில் செய்யும் வேலை காரையைக் கொத்தி எடுப்பது. அடியில் கல் தெரிகிறது, அழகாக இருக்கிறது, அப்படியே விட்டுவிடலாம் என்று தோன்றும். மணற்கல்லும் பவளக்கல்லும் கொண்டு கட்டிய நம் முன்னோர் அந்தச் சுவரை வெறுமனே விடாமல் சுண்ணாம்புக் காரை பூசினார்கள். ஆண்டுதோறும் வெள்ளையும் அடித்தார்கள். அழகுக்காக மட்டுமா?

சுண்ணாம்புக் காரை கல்லைவிட மென்மையானது. அதிகத் துளைகள் கொண்டது. சுவரின் ஈரம் காரைக்குள் வந்து அங்கே ஆவியாகும். உப்பும் அங்கேயே விளையும். உதிர்வது காரை, பிழைப்பது கல். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காரையை எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசினால், அதில் சேர்ந்த உப்பும் வெளியேறிவிடும். தன்னைத் தின்னக் கொடுத்துக் கல்லைக் காக்கும் சட்டை அது. அதை உரித்துவிட்டால் அடுத்து உதிரவேண்டியது கல்தான்.

உரித்ததோடு நில்லாமல், உயர் அழுத்தக் காற்றில் மணலைப் பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் செய்யும் வழக்கமும் தமிழகக் கோயில்களில் ஒரு காலத்தில் பரவியது. எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்பும் போய்க் கல் பளிச்சென்று ஆகும். கூடவே கல்வெட்டின் விளிம்பும் சிற்பத்தின் நகக்கண்ணும் போகும். சொரசொரப்பான பரப்பில் உப்பும் தூசியும் முன்னைவிட எளிதில் ஒட்டும். கல்வெட்டு அறிஞர்களும் ஆர்வலர்களும் எதிர்த்த பிறகு அறநிலையத்துறை இம்முறையைத் தடை செய்தது நல்ல செய்தி.

சிமெண்டு செய்யும் உபகாரம்

1824இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரைச் சேர்ந்த ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். நெல்லைச் சீமையில் 1949இல் தாழையூத்தில் சிமெண்டு ஆலை இயங்கத் தொடங்கியது. புதிய இந்தியாவின் அணைகளுக்கும் பாலங்களுக்கும் சிமெண்டு செய்த சேவை பெரிது. அதே சிமெண்டு பழைய சுவருக்கு ஏன் ஆகாது?

சிமெண்டுப் பூச்சு கெட்டியானது, அடர்த்தியானது, ஈரத்தை எளிதில் வெளியே விடாது. முன்பக்கம் அடைபட்ட நீர் இன்னும் உயரமாக ஏறும். அல்லது பூச்சுக்குப் பின்னால் கல்லிலேயே தங்கி உப்பை விளைவிக்கும். சிமெண்டிலேயே கரையும் சல்பேட்டுகள் சிறிதளவு உண்டு. அவையும் கூடச் சேரும். சில ஆண்டுகளில் பூச்சு பாளமாகக் கழன்று விழும்போது, அதன் முதுகில் கல்லின் தோலும் ஒட்டிக்கொண்டு வரும். கற்களுக்கு இடையில் உள்ள இணைப்புகளில் சிமெண்டை அடைத்தாலும் இதே கதிதான். ஈரம் இணைப்பு வழியே வெளியேற முடியாமல் கல் வழியே வெளியேறும். முடிவில் சிமெண்டு வரிகள் மட்டும் எலும்புபோல் நிற்க, நடுவில் கல் குழிந்திருக்கும். கலவை எப்போதும் கல்லைவிட மெலிந்ததாக இருக்கவேண்டும் என்பது பழைய கொத்தனார்களின் விதி. இயற்பியலும் அதையே சொல்கிறது.

இரும்பும் அப்படியே. ஏதென்ஸ் நகரத்தின் பார்த்தினான் கோயிலைச் செப்பனிட 1898இல் பணி தொடங்கிய பலனோஸ் என்னும் பொறியாளர், பளிங்குப் பாளங்களை இரும்புப் பட்டைகளால் இணைத்தார். பண்டைக் கிரேக்கரும் இரும்பையே பயன்படுத்தினார்கள்; ஆனால் அதைச் சுற்றி ஈயத்தை ஊற்றி ஈரம் படாமல் காத்தார்கள். பலனோஸ் வைத்த இரும்பு துருவேறியது. துருவின் பருமன் இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இருக்கும். பளிங்கு பிளந்தது. 1975இல் அமைக்கப்பட்ட குழுவின் வழிகாட்டலில் அந்த இரும்பை எடுத்துவிட்டு, துருவேறாத டைட்டேனியத்தைப் பொருத்தி வருகிறார்கள். உப்புக்காற்று வீசும் தூத்துக்குடியில் கல் மண்டபத்துக்கு இரும்பு உத்தரமும் கான்கிரீட்டும் சேர்ப்பவர்கள் இந்தக் கதையை நினைவில் கொள்ளவேண்டும்.

மாமல்லபுரத்தில் செய்தது என்ன?

பல்லவன் இராசசிம்மன் எடுப்பித்த கடற்கரைக் கோயில், 1,300 ஆண்டுகளாக உப்புக்காற்றில் நிற்கிறது. அதைக் காக்க இந்தியத் தொல்லியல் துறை முதலில் கோயிலைச் சுற்றிலும் கவனித்தது. அலையைத் தடுக்கக் கல் அணை எழுப்பியது. உப்புத் திவலையை வடிகட்டச் சவுக்குத் தோப்பு வளர்த்தது. பிறகு கல்லுக்குள் சேர்ந்த உப்பை எடுக்கும் முறை. அது வெகு எளியது, காகிதக் கூழ்தான்!

உப்பில்லாத நீரில் ஊறிய காகிதக் கூழைக் கல்லின்மேல் அப்புகிறார்கள். நீர் கல்லுக்குள் சென்று உப்பைக் கரைக்கிறது. கூழ் வெளிப்புறமாக உலர உலர, உப்புநீர் கல்லிலிருந்து கூழுக்குள் இழுக்கப்படுகிறது. உப்பு கூழில் விளைகிறது. உலர்ந்த கூழை உரித்துவிட்டு மீண்டும் அப்புகிறார்கள். கூழைக் கழுவிய நீரில் சில துளி சில்வர் நைட்ரேட் விட்டால் வெண்ணிற வீழ்படிவு தோன்றும். உயர்நிலைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் குளோரைடைக் கண்டறிய நீங்கள் செய்த அதே சோதனை! வீழ்படிவு மங்கிக்கொண்டே போனால் கல் தேறி வருகிறது என்று பொருள். கல்லை அழிக்கும் விதி எதுவோ, அதே விதியைக் கல்லுக்குச் சாதகமாகத் திருப்பிவிடுகிறார்கள்.

சுண்ணாம்புக்கும் ஓர் எல்லை

அப்படியானால் பழைய முறைப்படி எல்லாவற்றையும் சுண்ணாம்பால் செய்துவிடலாமே என்று எண்ணலாம். சுண்ணாம்பும் சும்மா வருவதில்லை. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளப்பாறைகளை வண்டி வண்டியாக வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்த பார் போனதும் தீவுகள் கரைந்தன. 21 தீவுகளில் தூத்துக்குடிக்கு அருகிலிருந்த விலாங்குசல்லியும், கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் இன்று நீருக்கடியில் கிடக்கின்றன. 1986இல் இத்தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. ஒரு சுவரைக் காக்க ஒரு தீவை உடைப்பது அறிவாகாது. நிலத்தில் கிடைக்கும் சுண்ணாம்புக்கல்லும், ஒதுங்கிய கிளிஞ்சலும் போதும். நன்றாக நீற்றுவதும், பொறுமையாக அரைப்பதும், கடுக்காய் நீரும் கருப்பட்டியும் அளவோடு சேர்ப்பதும்தான் முக்கியம். அந்தக் கைப்பக்குவம் அறிந்த கொத்தனார்கள் குறைந்து வருவது பவளம் குறைவதைப் போலவே கவலைக்குரியது.

நீங்கள் கேட்கவேண்டிய கேள்விகள்

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. அத்தகைய மழையில் ஊறிய சுவர் உலரப் பல மாதங்கள் ஆகும். உலர உலர உப்பும் இடம் மாறும். ஈரம் காயுமுன் பூசி மறைத்துவிடவேண்டும் என்ற அவசரமும் அப்போதுதான் வரும். திருச்செந்தூரில் 2025 ஜூலை 7ஆம் நாள் மீண்டும் ஒரு குடமுழுக்கு நடந்தது. உங்கள் ஊரிலும் ஏதேனும் ஒரு கோயிலோ, மாதா கோயிலோ, பள்ளிவாசலோ திருப்பணிக்குக் காத்திருக்கலாம். பணம் கொடுப்பவர் பலர் இருப்பார்கள். கேள்வி கேட்பவரும் ஓரிருவர் இருக்கவேண்டும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தீர்களா? கூரை ஒழுக்கையும் அடைபட்ட வடிகாலையும் சரிசெய்யாமல் கல்லைத் தொடுவது, ஓட்டைப் படகில் இருந்துகொண்டு வலையைத் தைப்பதற்கு ஒப்பாகும். கல்லைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்த்தீர்களா? கணீரென்றால் நல்ல கல். மொத்தென்றால் தோல் கழன்றிருக்கிறது. வெண்பூப்பை உலர்ந்த தூரிகையால் துடைத்தீர்களா, நீர் ஊற்றிக் கழுவி உப்பை உள்ளே திருப்பி அனுப்பினீர்களா? கலவைக்கு எந்த மணல், எந்தத் தண்ணீர்? கொத்தும் முன் கல்வெட்டுகளைப் படியெடுத்தாயிற்றா?

கடைசிக் கேள்விதான் எல்லாவற்றிலும் அவசரமானது. கலவையைத் தவறாகச் சேர்த்தால் இன்னொரு முறை சேர்க்கலாம். பூச்சு விழுந்தால் மறுபடி பூசலாம். வரகுணன் காலத்துக் கல்தச்சன் செதுக்கிய எழுத்து உதிர்ந்து மணலோடு மணலாகிவிட்டால், அதை மீண்டும் செதுக்கித் தர யாராலும் இயலாது. வேலை தொடங்குவதற்கு முந்தைய நாளிலேயே அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.